மூணு பேர் என்றார் அப்பா

ஜனவரி 6, திங்கள்

களப்பணியாளர்கள் எல்லோரும் தினம் நாலு வரி எழுதி வைக்க வேண்டும் என்று பெனாசிர் மேடம் சொல்லிவிட்டார். எத்தனை பெண்களைப் பார்த்தோம், எத்தனை பேர் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தார்கள், மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள். அதற்கென்று ஒரு பச்சை நோட்டு கொடுத்திருக்கிறார்கள். அதில் எழுதுவது மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும். இது என் சொந்த நோட்டு. இதில் என் வாய்க்கு வந்ததை எழுதுவேன், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வேலை இதுதான். மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் மட்டும் வழிவழியாக வரும். வருமா வராதா என்பதை ரத்தத்தில் மரபணுவைப் பார்த்து முன்கூட்டியே சொல்லலாம். பெரிய ஊர்களில் வசதியானவர்கள் செய்துகொள்ளும் இந்தப் பரிசோதனையை போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களுக்கும் இலவசமாகக் கொண்டுவருவதுதான் எங்கள் திட்டம். நாலு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து வேன் வரும். அதில் ஆலோசகராக பெனாசிர் மேடம் வருவார். யாரை வேனுக்கு அனுப்புவது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொருத்தி வீட்டுக்கும் மூன்று தலைமுறைக் குடும்பப்படம் வரைய வேண்டும். கட்டம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். அந்த நோய் வந்தவர்களைக் கறுப்படிக்க வேண்டும்.

மாதிரிக்கு என் குடும்பத்தையே வரைந்து லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா பக்கம் ஐந்து வட்டம், அப்பா பக்கம் மூன்று கட்டம். கீழே நான், என் தம்பி, அதற்குக் கீழே என் மகள் தாரணி. ஒரு இடத்தில்கூடக் கறுப்பு இல்லை. பயிற்சியில் பெனாசிர் மேடம் அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரி 8, புதன்

அரிசி மாவு அரைத்தேன். களப்பணிப் பை கனம். கார்த்திகையிலிருந்து இடது தோளில் மாட்டினால் அக்குள்வரை கடுக்கிறது. வலது தோளுக்கு மாற்றிவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று ஏலக்காய் கிட்டங்கி. மூட்டை அடுக்கிய அந்தக் குடோனில் நாற்பது பெண்கள் சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்து காய் பிரிக்கிறார்கள். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. பேசும்போதும் கை நிற்பதில்லை. நானும் சாக்கில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். பாட்டி எப்படிச் செத்தார்? மஞ்சள்காமாலை. சித்தி? மஞ்சள்காமாலை. அக்கா? அதுவும் மஞ்சள்காமாலைதான்.

“நாப்பது வீட்லயும் காமாலைன்னா ஊரைச் சுத்திக் கீழாநெல்லித் தோட்டம்ல போடணும்” என்றேன். சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் மாற்றிச் சொல்லவில்லை. கடைசியில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். “பொட்டப்பிள்ளைகள வச்சிருக்கோம்க்கா. இந்தச் சீக்கு வந்த குடும்பம்னு எழுதிக் குடுத்துட்டா எவன் வந்து கட்டுவான்?”

எனக்குக் கோபம் வந்தது. செத்தவர்களைப் பற்றிப் பொய் சொல்லி உயிரோடு இருப்பவர்களைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்று நன்றாகத் திட்டினேன். படத்தை எடுத்துக் காட்டினேன். என் குடும்பத்தையே பெயர் போட்டு எழுதியிருக்கிறேன், எனக்கு இல்லாத பயமா உங்களுக்கு என்று கேட்டேன்.

படத்தை வாங்கிப் பார்த்தவள் செல்லக்கிளி. வயது முப்பத்தெட்டு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த நோயில் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறாள், கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்கிறாள். ரெண்டு பெண் பிள்ளைகள். அவள் படத்தை ரொம்ப நேரம் வைத்திருந்தாள். விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவினாள். மாயாண்டி, வீரணன், சடையாண்டி. என் பெரியப்பா, அப்பா, சித்தப்பா.

“ஒங்க அப்பா கூடப் பொறந்தவக மூணு பேருமே ஆம்பளையா மதினி?”

ஆமாம் என்றேன். அப்பாவிடம் கேட்டுத்தான் வரைந்தேன், மூணு பேர் என்று அவர் வாயால் சொன்னார் என்றேன். சரி மதினி என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஊரே என்னை அக்கா என்கிறது, இவள் மட்டும் மதினி என்கிறாள். கேலிக்காரி. எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

தாரணியைப் பார்க்க சின்னமனூரிலிருந்து வந்தார்கள். பையன் வங்கியில் இருக்கிறான், அதிகம் பேசவில்லை, நல்ல பையனாகத் தெரிகிறான். தாரணிக்குப் பிடித்திருக்கிறது என்பதை அவள் காபி கொண்டுவந்த வேகத்திலேயே தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டப் போகாமல் லீவு போட்டுவிட்டு, புதுச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது பையனின் அம்மா என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார். நோய் நொடி, வாரிசு வழியா ஏதாவது? நானே ஆஸ்பத்திரி வேலையில்தான் இருக்கிறேன், எங்கள் இரண்டு பக்கமும் சுத்தம் என்றேன். படத்தைக்கூட எடுத்துக் காட்டினேன். அவருக்கு ரொம்பத் திருப்தி.

ஜனவரி 24, வெள்ளி

வேன் வந்தது. நான் அனுப்பியது ஐந்து பேரை, வந்தது ரெண்டு பேர். அதில் ஒருத்தி செல்லக்கிளி.

பெனாசிர் மேடம் கேட்கக் கேட்க நான் வரைந்தேன். செல்லக்கிளியின் அம்மா பெயர் ராக்கம்மாள். ஐம்பது வயதில் இதே நோயில் செத்தார். கறுப்பு. பிறந்த ஊர் எது என்றார் மேடம். வெள்ளைமலைப்பட்டி என்றாள் செல்லக்கிளி.

நான் பிறந்த ஊரும் அதுதான். சின்ன ஊர் ஒன்றுமில்லை, முந்நூறு வீடு இருக்கும்.

கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று மேடம் கேட்டார். மூணு அண்ணன், ஒரு தங்கச்சி. தங்கச்சி சின்ன வயதிலேயே செத்துப்போனது, அதுவும் இதே நோவுதான் என்றாள். இன்னொரு கறுப்பு. அண்ணன்மார் பெயர்? செல்லக்கிளி மேடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அப்புறம், தெரியலை, ஆத்தா வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் பண்ணினதால் போக்குவரத்து இல்லை என்றாள்.

மூன்று கட்டம் வரைந்து, பெயர் எழுதாமல் விட்டேன். பேனா சரியாக எழுதவில்லை. ரத்தம் எடுத்தார்கள். நாலு வாரத்தில் முடிவு வரும்.

ஜனவரி 26, ஞாயிறு

அப்பாவைப் பார்க்கத் தம்பி வீட்டுக்குப் போனேன். முறுக்கு வாங்கிக்கொண்டு போனேன், பல் இல்லாவிட்டாலும் ஊறவைத்துத் தின்பார். பேச்சுவாக்கில், ராக்கம்மாள் என்று நம்ம ஊரில் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அவருக்குக் காது மந்தம். எழுபத்தாறு வயதில் மந்தமாகத்தான் இருக்கும்.

திரும்ப ஒரு தடவை கேட்டிருக்கலாம். தாரணிக்குச் சேலை எடுக்கிற பேச்சு வந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

தாரணிக்குப் பூ வைப்பு மார்ச் 9 என்று முடிவாகிவிட்டது. எனக்கும் ஒரு பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் பிடிக்கிறது. தைத்தவள் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் என்று டேப்பை வைத்துக் காட்டிச் சாதிக்கிறாள். டேப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் காலத்தில் யாருக்கும் வேலையில் கவனம் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

வடக்குத் தெருவில் பன்னிரண்டு பெண்களுக்கு மார்பைத் தடவிப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். ரப்பர் பொம்மையை வைத்து, மூணு விரலால், வட்டமாக, அக்குள்வரை. ஒருத்தி கேட்டாள், நீங்க மாசாமாசம் பாக்குறீகளாக்கா என்று. பார்க்காமலா என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். தாரணி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

செல்லக்கிளிக்கு முடிவு வந்துவிட்டது. இருக்கிறது.

வேனுக்குள் மூன்று பேர்தான். பெனாசிர் மேடம் சின்னப் பெண்தான், இருபத்தொன்பது வயது, ஆனால் இந்த மாதிரி நேரத்தில் குரலை இறக்கி நிதானமாகப் பேசுவார். இன்னொரு மார்பையும் கர்ப்பப்பைப் பக்கத்துச் சினைப்பையையும் எப்படிக் கண்காணிப்பது, பெண் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகு எப்போது பரிசோதிப்பது எல்லாவற்றையும் சொன்னார். அப்புறம் படத்தைத் திருப்பி மேல்வரிசையைக் காட்டினார்.

“இது உங்க அம்மா வழியா வந்திருக்கும்மா. அவங்க அண்ணன் தம்பிக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம். ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா பெத்த பொண்ணுக்குக் குடுத்துருவாங்க. உங்க மாமன்மார் வீட்டைக் கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

அப்பா வழியிலும் வரும் என்பதை நான் பயிற்சியில் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறேன். கிட்டங்கியில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இன்று புதிதாகக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உறவினர்களுக்குக் கொடுக்கவென்று ஆஸ்பத்திரி ஒரு கடிதம் அச்சடித்து வைத்திருக்கிறது. மேடம் அதில் மூன்று தாள் கொடுத்தார். வேனை விட்டு இறங்கியதும் செல்லக்கிளி ஒன்றை மடித்து என் கையில் வைத்தாள். நீங்க நாலு ஊர் போறவக, அந்த வீட்டு ஆளுக எங்கயாச்சும் கண்ணுல பட்டா குடுங்க மதினி என்றாள். அழவில்லை. மத்தியானம் வேலைக்குப் போய்விட்டாள்.

கடிதம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. பச்சை நோட்டில் “உறவினர் விவரம் தெரியவில்லை” என்று எழுதினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மாசிப் பச்சை. குலதெய்வம் கும்பிட வெள்ளைமலைப்பட்டிக்கு எல்லோரும் போனோம். காலையில் கிடா வெட்டி, கறியைப் பங்கு வைத்து, தலைக்கட்டுப் பட்டியலை வாசித்தார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. பெயரைக் கூப்பிட்டால் போய் ஓலைக்கொட்டானில் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். சின்ன வயதிலிருந்து கேட்கிற பட்டியல்தான். மாயாண்டி, அவர் மக்கள். வீரணன், அவர் மகன். சடையாண்டி, அவர் மக்கள். அவர் மகன் என்பது என் தம்பி. நான் அந்தப் பட்டியலில் இல்லை, எந்தப் பெண்ணும் இல்லை. கட்டிக் கொடுத்துவிட்டால் வேறு சாமிக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம்.

நாற்பத்துநாலு வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன். இன்றுதான் கேட்டேன்.

பூசாரி எனக்குச் சித்தப்பா முறை. கறிப்பானைக்குப் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். எங்க அப்பாவுக்குக் கூடப் பிறந்த பொம்பளைப் பிள்ளைகள் இருந்ததா என்று கேட்டேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

“ரெண்டு பேரு. மூத்தவ ராக்கு, வேத்து ஆளோட ஓடிப்போயிட்டா. எளையவ பவுனு, மார்ல கட்டி வந்து செத்தா, முப்பது வயசுகூட ஆகல. நீ எதுக்குத் தாயி இப்பக் கேக்குற?”

படம் வரைய என்றேன். இலையில் இருந்த கறியைத் தம்பி பக்கம் தள்ளினேன்.

மார்ச் 1, சனி

அப்பாவிடம் கேட்டேன். இந்தத் தடவை முதலில் ரேடியோவை அணைத்தேன்.

நான் விடுவதாக இல்லை. உங்கள் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேனே, மூணு பேர் என்று ஏன் சொன்னீர்கள் என்றேன். அப்பாவுக்கு உண்மையாகவே ஆச்சரியம். ஏமாற்றவேண்டும் என்று சொல்லவில்லை, அவரைப் பொறுத்தவரை அது சரியான பதில். “நாங்க மூணு தலைக்கட்டு தானே தாயி” என்றார்.

பவுனு அத்தை எப்படிச் செத்தார் என்று கேட்டேன். தேனி ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனது அவரும் பெரியப்பாவும்தானாம். புண்ணாகி நாறிவிட்டதாம், பஸ்ஸில் ஏற்றவில்லையாம். வெளியே சொல்லக்கூடாது, வீட்டில் கல்யாணம் பண்ண வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று காமாலை என்று சொல்லிவிட்டார்களாம்.

கல்யாணம் பண்ண வேண்டியிருந்தவர் என் அப்பாதான். அந்தப் பொய்யின் மேல்தான் என் அம்மா இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். கிட்டங்கியில் அந்தப் பெண்களை என்னவெல்லாம் பேசினேன்.

மார்ச் 3, திங்கள்

எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன் போல.

இடது மார்பில், அக்குளுக்குக் கீழே, ஒரு கட்டி இருக்கிறது. புளியங்கொட்டை அளவு இருந்தது. இப்போது அதைவிடப் பெரிது. வலி இல்லை, நகரவில்லை. தோள் கடுப்பு, ரவிக்கை, பை, எல்லாம் அதுதான். ரப்பர் பொம்மைக்குள் இருக்கும் கட்டியை நூறு பெண்களின் விரலைப் பிடித்துத் தொடவைத்தவள் நான், என் விரலுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. பூ வைப்பு முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் கல்யாணம் முடியட்டும் என்று நினைத்திருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை நினைத்ததைவிடத் தாரணியை நினைத்துத்தான் அதிகப் பயம்.

மார்ச் 5, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிட்டங்கிக்குப் போனேன். செல்லக்கிளி வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். கடிதத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஆள் கிடைத்துவிட்டது, நான்தான் என்றேன்.

அவள் டப்பாவை மூடினாள்.

“மொத நாளே தெரியும் மதினி. மாயாண்டி, வீரணன், சடையாண்டி. ஆத்தா சாகுற வரைக்கும் தெனம் சொன்ன பேருக. ஒங்க படத்துல மூணு அண்ணன்மாரும் இருந்தாக, எங்க ஆத்தா இல்ல.”

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் கோபம் போல வந்தது.

“சொன்னா என்ன நெனப்பீக? ஓடிப்போனவ மக சொந்தம் கொண்டாட வந்துட்டான்னு நெனப்பீக. அதான் மாமன் மக முறைக்கு மதினின்னு கூப்புட்டேன். நீங்களாக் கேப்பீகன்னு பாத்தேன்.” டப்பாவை ஓரமாக நகர்த்தினாள். “அப்பறம் நீங்க பையை மாத்தி மாத்திப் போடுறதப் பாத்தேன். நானும் அப்படித்தான் போட்டேன், மொத ஆறு மாசம். அந்த வெள்ளிக்கெழம அந்தத் தாளை ஒங்க கைலதான குடுத்தேன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏலக்காய் வாசம். என் அத்தை மகள். இருபது நிமிஷ நடையில் இருந்திருக்கிறாள், இத்தனை வருஷமும். அவளுக்குக் கட்டி வந்த அன்றே யாராவது என்னிடம் வந்து சொல்லியிருப்பார்கள், எங்களுக்குள் போக்குவரத்து இருந்திருந்தால். சாப்பாட்டு மணி முடிந்துவிட்டது என்று மேஸ்திரி கத்தினார். நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

மார்ச் 6, வியாழன்

லேமினேஷனை வெட்டிப் படத்தை வெளியே எடுத்தேன். கிட்டங்கியில் சாக்கில் உட்கார்ந்து, நாற்பது பேர் முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு வட்டம் வரைந்தேன். ராக்கம்மாள், பவுனு. இரண்டையும் கறுப்படித்தேன். ராக்கம்மாளுக்குக் கீழே செல்லக்கிளி, கறுப்பு. அப்பாவின் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டேன். கீழே என் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. தாரணியின் வட்டத்துக்கு வந்ததும் என்னால் முடியவில்லை, செல்லக்கிளி பேனாவை வாங்கிப் போட்டாள்.

ஜனவரியில் நான் காட்டியது பொய்ப் படம், எனக்கே தெரியாது, ஆனால் ஒரு வாரம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எனக்கும் பெண் இருக்கிறாள் என்று சொன்னேன். காய் பிரிக்கும் கைகள் நின்றுவிட்டன. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, முதல் வரிசையில் இருந்தவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க சித்திக்குக் காமாலை இல்லக்கா. மாத்தி எழுதுங்க.”

அதற்குப் பிறகு என் கைக்கு ஓய்வில்லை. சித்தி, அக்கா, அப்பாவைப் பெத்த பாட்டி, கட்டிக் கொடுத்த ஊரில் செத்ததால் இதுவரை யாரும் சொல்லாத அத்தைமார். பேனாவில் மை தீர்ந்து, கணக்குப்பிள்ளையிடம் வேறு பேனா வாங்கினேன். இருபத்தாறு பேர் அடுத்த வேனுக்கு வருகிறேன் என்று கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டுவிட்டார்கள். பெனாசிர் மேடத்துக்குப் போன் செய்து சொன்னதும் சந்தோஷப்பட்டு, ஒரு வேன் போதாதே அக்கா என்றார். படங்களை அடுக்கும்போது பார்த்தேன். ஒரே தெருவில் இத்தனை கறுப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள் இது.

மார்ச் 7, வெள்ளி

தாரணியிடம் சொல்லிவிட்டேன். குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன், செல்லக்கிளியைப் பற்றிச் சொன்னேன், கட்டியைப் பற்றியும் சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள். இப்பத்தான், கொஞ்ச நாளாக என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்துபோய் அந்தப் பையனுக்கு அவளே போன் செய்தாள். கதவைச் சாத்தவில்லை. எங்க வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறது, எனக்கும் இருக்கலாம், பரிசோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நேராகச் சொன்னாள். என்னிடம் இல்லாத தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் அப்பா வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்த இடத்தையே.

மார்ச் 9, ஞாயிறு

பூ வைப்பு நடக்கவில்லை. நேற்றே பையனின் அம்மா போன் செய்து, வீட்டில் ஒரு தீட்டு, பிறகு பார்க்கலாம் என்றார். கோபப்பட எனக்கு வாயில்லை. பையன் மட்டும் தாரணிக்குத் தனியாக ஏதோ அனுப்பியிருக்கிறான். அவள் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை. சொல்லி வைத்திருந்த பத்து முழம் பூ வந்துவிட்டது. தாரணி அதைத் தெருவில் பெண் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குக் கிள்ளிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

மதுரை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் தாரணியும் நானும் பஸ் நிலையத்துக்குப் போனால், செல்லக்கிளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் வந்து இடம் பிடித்து வைத்திருந்தாள். பதிவுச் சீட்டில் உடன் வருபவர், உறவு என்று ஒரு வரி இருந்தது. அத்தை மகள் என்று எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதுகிறேன்.

டாக்டர் வயதானவர், கை சூடாக இருந்தது. மூணு விரலால், வட்டமாக, அக்குள்வரை. அக்குளில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, இதை எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார்.

“ரெண்டு வாரமா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தாரணி பக்கத்தில் நின்றாள், அதனால்தான் இருக்கும். டாக்டர் எழுதப் போனார். செல்லக்கிளி என் தோளில் கை வைத்தாள்.

“மதினி, சரியாச் சொல்லுங்க.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கார்த்திகையிலிருந்து என்றேன்.

டாக்டர் எழுதிய வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். இன்றே சதை எடுத்துப் பார்த்துவிடலாம், வெளியே உட்காருங்கள் என்றார்.

இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறோம். செல்லக்கிளி எனக்காக டீ வாங்கப் போயிருக்கிறாள். தாரணி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, மடியில் கையை வைத்துக் கட்டைவிரலால் விரல்களைத் தொட்டு எண்ணுகிறாள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. நாலாவது விரலில் நிறுத்தியவள் அதைவிட்டுக் கட்டைவிரலை எடுக்கவில்லை.